தடம் எங்கே தொலைகிறது?

கும்பகோணம் வங்கி, கூடங்குளம் அணுமின் நிலையம், புனே கூட்டுறவு வங்கி... கணினித் தாக்குதல் நடந்தது தெரிகிறது. தாக்கியவர் எங்கிருந்து வந்தார் என்பது மட்டும் பிடிபடுவதில்லை. கிராமக் கூட்டுறவுச் சங்கம் வரை கணினி வந்துவிட்ட நேரத்தில், தடம் தேடும் வேலை ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது?

2018 பிப்ரவரி 7, புதன்கிழமை. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில், வெளிநாட்டுக்குப் போன பணத்தின் கணக்கைச் சரிபார்க்கும் வேலை நடக்கிறது. முந்தைய நாள் அனுப்பிய ஒவ்வொரு உத்தரவுக்கும் ஒப்புகை அச்சாகி வந்திருக்க வேண்டும். உலக வங்கிகளை இணைக்கும் ‘ஸ்விஃப்ட்’ அமைப்போடு பொருத்தப்பட்டிருந்த அந்த பிரிண்டர் வேலை செய்யவில்லை. பிரிண்டர் மக்கர் பண்ணுவது எந்த ஆபீஸிலும் நடப்பதுதான். ஆனால், கணக்கு உதைத்தது. வங்கியில் யாரும் போடாத மூன்று உத்தரவுகள், வங்கியின் பெயரிலேயே வெளியே போயிருந்தன.

முதல் உத்தரவு 5 லட்சம் டாலர்: நியூயார்க் வழியாக துபாய்க்கு. இரண்டாவது 3 லட்சம் யூரோ: ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் வழியாக துருக்கிக்கு. மூன்றாவது 10 லட்சம் டாலர்: நியூயார்க் வழியாக சீனாவுக்கு. வங்கி உடனே எல்லாத் திசைக்கும் தகவல் அனுப்பியது. துபாய் பணம் வழியிலேயே தடுக்கப்பட்டுத் திரும்பியது. துருக்கிப் பணத்தை அந்நாட்டு வங்கி முடக்கிவைத்தது. சீனாவுக்குப் போன பணத்தை, போலி ஆவணங்களைக் காட்டிக் கோரியிருந்தார் அங்கிருந்த கணக்குதாரர்.

பிரிண்டர் தானாகக் கெடவில்லை. ஒப்புகை அச்சாகிவிடக் கூடாது என்று திட்டமிட்டு முடக்கப்பட்டிருந்தது. ‘இது பல நாடுகளில் இருப்பவர்கள் சேர்ந்து செய்த சதி’ என்றார் வங்கியின் நிர்வாக இயக்குநர் என்.காமகோடி. சரி, அந்தப் பலர் யார்? எந்த நாற்காலியில் உட்கார்ந்து விசையைத் தட்டினார்கள்?

உத்தரவில் இருப்பது நம் கையெழுத்து

சிட்டி யூனியன் வங்கி 1904-ல் தொடங்கப்பட்டது. டெல்டாவின் நெல் வியாபாரிகளும் பாத்திரக்கடைக்காரர்களும் தலைமுறை தலைமுறையாகக் கணக்கு வைத்திருக்கும் வங்கி. சிதம்பரம் பக்கத்துக் குமராட்சியிலிருந்து பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் கும்பகோணம் போய்விடலாம். அந்த ஊர் வங்கியைத் தேடி, கடல் கடந்து ஒரு கை நீண்டிருக்கிறது.

விஷயம் வெளியே வந்த வாரம் அதைவிட மோசமானது. பஞ்சாப் நேஷனல் வங்கியின் நீரவ் மோடி மோசடி அதே பிப்ரவரியில்தான் நாட்டை உலுக்கிக்கொண்டிருந்தது. அங்கேயும் ஸ்விஃப்ட்தான். ஆனால், அங்கே வங்கிக்கு உள்ளே இருந்த ஆட்களே அதைத் தவறாகப் பயன்படுத்தியதாகப் புகார். ஊழியர்களுக்குத் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்று கும்பகோணம் வங்கி தனியாக விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

தடம் தேடும் வேலையின் முதல் சிக்கலே இதுதான். வெளியிலிருந்து வந்த திருடன், உள்ளே இருப்பவரின் பெயரையும் பாஸ்வேர்டையும் கைப்பற்றித்தான் உத்தரவு போடுகிறான். நியூயார்க்கில் இருக்கும் வங்கிக்கு அது முறையான உத்தரவு. பதிவேட்டில் இருப்பது நம் ஊழியரின் பெயர். விசாரணை முதலில் போய் நிற்பது அந்த அப்பாவி ஊழியரின் மேஜை முன்னால்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2016 பிப்ரவரியில், வங்கதேச மத்திய வங்கியில் நடந்ததும் இதே கதை. அங்கேயும் பிரிண்டர் ஊமையானது. மொத்தம் 95 கோடி டாலருக்கும் மேல் எடுக்க முயன்றார்கள், 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போய் சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. இலங்கையில் ஓர் அமைப்பின் கணக்குக்கு அனுப்பப்பட்ட 2 கோடி டாலர் மட்டும், பெறுபவர் பெயரில் இருந்த எழுத்துப்பிழையால் சந்தேகம் வந்து தடுக்கப்பட்டது.

குமராட்சி கடைத்தெருவில் ஓர் ஐ.பி. முகவரி

‘ஐ.பி. முகவரியை வைத்து ஆளைப் பிடித்துவிடலாமே?’ என்று பலரும் கேட்கிறார்கள். சினிமாவில் பத்து விநாடியில் பிடித்தும் விடுகிறார்கள். நிஜத்தில் என்ன நடக்கிறது என்பதை குமராட்சியில் நின்றே பார்க்கலாம்.

சிதம்பரம் - காட்டுமன்னார்கோவில் சாலையில் இருக்கிற ஊர் இது. கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டே மொபைலில் வீடியோ பார்ப்பவர், இ-சேவை மையத்தில் சிட்டா எடுக்க நிற்பவர், பள்ளிக்கூடம் விட்டு வரும் மாணவி... இவர்கள் ஒவ்வொருவருக்கும் இணையத்தில் தனித்தனிக் கதவு எண் இருப்பதாக நினைக்கிறோம். பழைய ‘ஐ.பி.வி4’ முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். உலகில் இருக்கும் போன்களுக்கும் கணினிகளுக்கும் இது போதாது. அதனால் மொபைல் நிறுவனங்கள் ஒரே முகவரியை நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பங்கிட்டுத் தருகின்றன. வெளியே இருந்து பார்க்கிற சர்வருக்கு அத்தனை பேரும் ஒரே ஆள்தான். யார் என்று பிரித்துச் சொல்ல வேண்டுமானால், முகவரியோடு ‘போர்ட்’ எண்ணும், விநாடி சுத்தமான நேரமும் வேண்டும். பல சர்வர்கள் போர்ட் எண்ணைக் குறித்தே வைப்பதில்லை.

நேரத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. உலகின் பெரும்பாலான சர்வர்கள் சர்வதேசப் பொது நேரத்தில் பதிவெழுதுகின்றன. நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். பதிவில் 14-ம் தேதி இரவு 8.10 என்று இருந்தால், நமக்கு அது 15-ம் தேதி அதிகாலை 1.40. இந்தக் கணக்கை ஒருவர் போடத் தவறினால், 14-ம் தேதி இரவு 8.10-க்கு அந்த முகவரியில் இருந்த வேறு யாரோ ஒருவரின் வீட்டுக் கதவைப் போலீஸ் தட்டும்.

இவ்வளவும் நேராக வருகிறவரைப் பிடிக்கத்தான். திருட வருகிறவர் நேராக வருவதே இல்லை. கீழணையில் பிரிந்து வடக்கு ராஜன் வாய்க்காலில் வருகிற தண்ணீர் கடைமடை வயலுக்குக் கலங்கலாக வந்து சேர்ந்தால், எந்த இடத்தில் கலங்கியது என்று கண்டுபிடிக்க மதகு மதகாக மேலே ஏறிப்போக வேண்டும். ஒவ்வொரு மதகிலும் எப்போது திறந்தோம், எப்போது மூடினோம் என்று மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் குறித்துவைத்திருக்க வேண்டும். ஒரு மதகில் குறிப்பு இல்லை என்றால் தேடல் அங்கேயே நின்றுபோகும். தாக்குதலின் பாதையும் அப்படித்தான். சிதம்பரம் மேலவீதியில் ஒரு கடையின் சி.சி.டி.வி. பெட்டி, பிரேசிலில் ஒரு வீட்டு ரூட்டர், நெதர்லாந்தில் வாடகை சர்வர் என்று மூன்று நாடு, மூன்று கண்டம் சுற்றி வருகிறது. இடையில் இருக்கிற யாருக்கும் தங்கள் பெட்டி வழியாக ஒரு கொள்ளை நடந்தது தெரியாது.

இது கற்பனை இல்லை. 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் ‘டின்’ நிறுவனத்தைத் தாக்கி, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்களைப் பல மணி நேரம் திணறவைத்தவை கேமராக்களும் ரூட்டர்களும்தான். பெட்டியிலிருந்து எடுத்தபோது இருந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கருவிகள். ஏதோ ஒரு வல்லரசின் வேலை என்றே முதலில் சந்தேகித்தார்கள். அந்தத் தாக்குதலுக்குப் பயன்பட்ட ‘மிராய்’ என்ற நிரலை எழுதியவர்கள் மூன்று அமெரிக்க இளைஞர்கள்.

[பெட்டிச் செய்தி] முகவரி தப்பினால் சிறை!

● 2007 ஆகஸ்ட். சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படம் ஒன்று ஆர்குட் தளத்தில் வெளியானது. ஐ.பி. முகவரியை வைத்து, பெங்களூருவில் வேலை பார்த்த ஓர் ஐ.டி. ஊழியரை புனே போலீஸ் கைது செய்தது. எரவாடா சிறையில் 50 நாள் இருந்தார். தொலைத்தொடர்பு நிறுவனம் கொடுத்த விவரம் தவறு, அந்த நேரத்தில் அந்த முகவரி அவருடையதே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

● 2008 ஜூலை 26. ஆமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்களுக்கு முன் செய்தி நிறுவனங்களுக்கு மிரட்டல் இ-மெயில் வந்தது. முகவரி போய் நின்றது நவி மும்பையில் வசித்த ஓர் அமெரிக்கரின் வீட்டில். அவருடைய வைஃபைக்குப் பாதுகாப்பில்லை. வேறு யாரோ அதில் நுழைந்து மெயில் அனுப்பியிருந்தார்கள்.

கூடங்குளம்: மறுப்புக்கும் ஒப்புதலுக்கும் ஒரு நாள்

தமிழ்நாட்டில் இந்த விஷயம் வீட்டுக்கு வீடு பேசப்பட்டது 2019 அக்டோபரில். வைரஸ்களைப் பரிசோதிக்கும் பொதுத்தளம் ஒன்றில் ‘டிட்ராக்’ என்ற உளவு நிரலின் மாதிரி வெளியானது. அதைத் திறந்து பார்த்த வல்லுநர்கள் திடுக்கிட்டார்கள். கூடங்குளம் அணுமின் நிலையத்தின் உள் நெட்வொர்க்கைக் குறிக்கும் பெயர்கள் அந்த நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன. ஏற்கெனவே ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எழுதிய நிரல் அது.

அக்டோபர் 29 அன்று அணுமின் நிலையம் அறிக்கை விட்டது: கட்டுப்பாட்டு அமைப்புகள் இணையத்தோடு இணைக்கப்படாதவை, அவற்றின் மீது சைபர் தாக்குதல் சாத்தியமில்லை. மறுநாளே இந்திய அணுமின் கழகம் வேறு அறிக்கை விட்டது: உளவு நிரல் கண்டறியப்பட்டது உண்மை, செப்டம்பர் 4 அன்றே மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான ‘சர்ட்-இன்’ தகவல் சொல்லியது, பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒரு கணினி, உலையை இயக்கும் அமைப்புகளுக்குப் பாதிப்பில்லை.

ஏறத்தாழ எட்டு வாரம் மக்களுக்கு எதுவும் சொல்லப்படவில்லை. சொன்னபோதும் முதலில் வந்தது மறுப்பு. அணு உலைக்கு எதிராக இடிந்தகரையில் ஆண்டுக்கணக்கில் போராடிய மக்கள் அந்த இரண்டு அறிக்கைகளையும் அடுத்தடுத்துப் படித்திருப்பார்கள். அரசின் அடுத்த வார்த்தையை அவர்கள் எப்படி நம்புவார்கள்?

சரி, அனுப்பியது யார்? கணினிப் பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கி அதற்கு முந்தைய மாதமே டிட்ராக் பற்றி எழுதியிருந்தது. 2018-ல் இந்திய ஏ.டி.எம்.களைக் குறிவைத்த நிரலைத் துருவியபோது அதே குடும்பத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மாதிரிகள் கிடைத்தன. 2013-ல் தென்கொரிய வங்கிகளையும் டி.வி. நிலையங்களையும் தாக்கிய நிரல்களோடு அவற்றின் வரிகள் ஒத்துப்போயின. ‘லாசரஸ்’ என்று அழைக்கப்படும், வடகொரியாவோடு தொடர்புபடுத்தப்படும் கூட்டத்தின் எழுத்து அது என்பது அவர்கள் முடிவு. தென்கொரியாவின் ஆய்வுக்குழு ஒன்று இன்னும் ஒரு படி மேலே போய், தாக்கியவர்களில் ஒருவர் வடகொரியாவில் மட்டுமே தயாராகும் கணினியைப் பயன்படுத்தினார், அவரது முகவரி பியாங்யாங்கைச் சேர்ந்தது என்றது. இந்திய அரசு எந்த நாட்டின் பெயரையும் சொல்லிக் குற்றம் சாட்டவில்லை.

கவனியுங்கள்: இங்கே ஆளைக் காட்டிக்கொடுத்தது முகவரி மட்டும் அல்ல; எழுத்து. நிரல் எழுதுகிறவர்களுக்கும் பழக்கம் உண்டு. ஒருமுறை எழுதிய வரியைத் திரும்பப் பயன்படுத்துவார்கள், அதே பூட்டு முறையை வைப்பார்கள், அதே தவறைச் செய்வார்கள். எந்த நேரத்தில் வேலை பார்க்கிறார்கள், எந்த நாளில் விடுமுறை எடுக்கிறார்கள் என்பதுகூடத் துப்பாகிவிடும். அது சாட்சி ஆகுமா என்பது வேறு கேள்வி.

பொய்யாக வைத்த கைரேகை

எழுத்தை வைத்து ஆளைப் பிடிக்கிறார்கள் என்று தெரிந்தால், திருடன் அடுத்தவர் எழுத்தில் எழுதமாட்டானா?

எழுதினான். 2018 பிப்ரவரி 9. தென்கொரியாவின் பியோங்சாங்கில் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழா. விழா நேரத்தில் வைஃபை, இணையதளம், டிக்கெட் சேவை எல்லாம் அடுத்தடுத்து முடங்கின. நிரலைப் பிரித்துப் பார்த்தவர்களில் சிலர் வடகொரியா என்றார்கள். அதற்கான தடயமும் இருந்தது: லாசரஸ் கூட்டத்தின் பழைய நிரலில் இருந்த தலைப்புப் பகுதி அப்படியே இதிலும். ஆனால், அந்தத் தலைப்பு சொன்ன கருவியும் நிரல் உண்மையில் எழுதப்பட்ட கருவியும் வேறு வேறு என்பதை காஸ்பர்ஸ்கி ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். யாரோ வடகொரியாவின் அடையாளத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்! 2020 அக்டோபரில் அமெரிக்கா குற்றம்சாட்டியது, ரஷ்ய ராணுவ உளவுத் துறையின் ஆறு அதிகாரிகளை.

2015 ஏப்ரலில் பிரான்ஸின் டி.வி.5 மோந்த் தொலைக்காட்சியின் ஒளிபரப்பையே நிறுத்தியவர்கள் ‘சைபர் கலிஃபேட்’ என்று பெயர் போட்டுக்கொண்டார்கள். சில வாரங்களில் விசாரணை ரஷ்யக் குழு ஒன்றின் பக்கம் திரும்பியது. 1998 பிப்ரவரியில் அமெரிக்க ராணுவக் கணினிகளில் யாரோ நுழைந்தபோது, இராக்குடன் மோதல் முற்றியிருந்த நேரம்; சந்தேகம் முழுக்க சதாம் உசேன் மீது. பிடிபட்டவர்கள் கலிஃபோர்னியாவின் இரண்டு பள்ளி மாணவர்களும், அவர்களுக்கு வழிகாட்டிய ஓர் இஸ்ரேலிய இளைஞரும். குண்டு போடும் முடிவை அந்தச் சந்தேகத்தின் மீது எடுத்திருந்தால்?

நம் நாட்டிலும் இந்தக் குழப்பம் நடந்தது. 2020 அக்டோபர் 12 அன்று மும்பை இருண்டது. ரயில்கள் பாதி வழியில் நின்றன. நான்கரை மாதம் கழித்து, சீனாவோடு தொடர்புடைய குழு இந்திய மின்துறைக் கணினிகளில் ஊடுருவியதாக ‘ரெக்கார்டட் ஃபியூச்சர்’ என்ற அமெரிக்க நிறுவனம் அறிக்கை வெளியிட்டது. மும்பை இருட்டுக்கும் இதற்கும் தொடர்பு நிரூபணமாகவில்லை என்று அந்த அறிக்கையே சொன்னது. சைபர் சதிக்கு வாய்ப்பு இருப்பதாக மகாராஷ்டிர உள்துறை அமைச்சர் சொன்னார்; மனிதத் தவறு என்று மத்திய மின்துறை அமைச்சர் சொன்னார். ஒரே இருட்டுக்கு இரண்டு அரசுகள் இரண்டு விளக்கம். குடிமக்கள் எதை எடுத்துக்கொள்வது?

[பெட்டிச் செய்தி] 75 சென்ட் துப்பு

1986 ஆகஸ்ட். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினிப் பயன்பாட்டுக் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. சரிபார்க்கச் சொல்லப்பட்டவர் க்ளிஃபோர்ட் ஸ்டோல் என்ற வானியலாளர். முன்பின் தெரியாத ஒருவர் கணினியில் நுழைந்து, அங்கிருந்து ராணுவக் கணினிகளைத் துழாவுவதைக் கண்டார். வெளியே விரட்டாமல், ஒவ்வொரு விசைத்தட்டலையும் அச்செடுத்து வைத்தார். போன் இணைப்பைப் பின்தொடர நேரம் வேண்டுமே! அதற்காகப் பெரிய பெரிய போலிக் கோப்புகளை உள்ளே வைத்து ஆளை நிறுத்திவைத்தார். தடம் கடைசியில் ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குப் போனது. பிடிபட்ட மார்க்குஸ் ஹெஸ், திருடிய தகவல்களைச் சோவியத் உளவுத் துறைக்கு விற்றுக்கொண்டிருந்தார்.

தெரிந்தபின் பிடிக்க முடிகிறதா?

வங்கதேச வங்கிக் கொள்ளை, 2014-ல் சோனி பிக்சர்ஸ் மீதான தாக்குதல், 2017-ல் உலகெங்கும் மருத்துவமனைகளை முடக்கிய ‘வானாக்ரை’ ஆகிய மூன்றையும் இணைத்து, 2018 செப்டம்பரில் அமெரிக்க நீதித் துறை ஒரு வடகொரியரின் பெயரை வெளியிட்டது: பார்க் ஜின் ஹியோக். 170-க்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட ஆவணம். சீனாவின் தாலியன் நகரில் ஒரு வடகொரிய நிறுவனத்தில் வேலை பார்த்தவர் அவர். அலுவலக வேலைக்கு வைத்திருந்த இ-மெயில் கணக்குகளுக்கும், தாக்குதலுக்குப் பயன்படுத்திய பொய்ப்பெயர்க் கணக்குகளுக்கும் தொடர்பு இருந்தது. அந்த நூலைப் பிடித்துத்தான் விசாரணை அவரிடம் போய்ச் சேர்ந்தது. 2021 பிப்ரவரியில் இன்னும் இருவர் பெயர் சேர்ந்தது. மூன்று பேரில் ஒருவர்கூட அமெரிக்க நீதிமன்றக் கூண்டில் ஏறவில்லை.

புனேயின் காஸ்மோஸ் கூட்டுறவு வங்கியில் 2018 ஆகஸ்ட் 11 முதல் 13 வரை சுமார் 94 கோடி ரூபாய் போனது. வங்கியின் சர்வருக்குப் பதில் சொல்லும் போலி அமைப்பு ஒன்றை நிறுவி, 28 நாடுகளின் ஏ.டி.எம்.களில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான முறை பணம் எடுத்தார்கள். ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலின் நிபுணர் குழு வடகொரியாவின் பக்கம் விரல் நீட்டியது. புனே நீதிமன்றம் 2023 ஏப்ரலில் 11 பேருக்குத் தண்டனை கொடுத்தது. அவர்கள் எல்லோரும் இங்கே கார்டு போட்டுப் பணம் எடுத்த கும்பலைச் சேர்ந்தவர்கள். நிரல் எழுதியவர் யாரும் அந்தப் பட்டியலில் இல்லை.

கடலூரில் இருக்கும் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு ஒரு புகார் போகிறது என்று வைத்துக்கொள்வோம். தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். தடம் நெதர்லாந்து சர்வரில் நிற்கிறது. அங்கிருந்து சாட்சியம் பெற மத்திய உள்துறை வழியாகக் கோரிக்கை போக வேண்டும். அந்த நாட்டுச் சட்டப்படி அவர்கள் பரிசீலிக்க வேண்டும். பதில் அதே வழியில் திரும்பி வர வேண்டும். மாதங்கள் ஓடும். வாடகை சர்வரை அதற்குள் பத்துப் பேர் கைமாற்றியிருப்பார்கள். அப்படியே பதிவு கிடைத்தாலும், 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவு கேட்கும் சான்றிதழும், பதிவு திருத்தப்படவில்லை என்று காட்டும் ‘ஹேஷ்’ மதிப்பும் இல்லாமல் நீதிமன்றம் ஏற்காது.

இன்னொரு கொடுமையையும் சொல்ல வேண்டும். தடம் சரியாகவே போய்ச் சேர்ந்த இடத்தில், நம் பிள்ளையே இருக்கலாம். ஐ.டி. வேலை, தாய்லாந்தில் சம்பளம் என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்டு, மியான்மரின் மியாவாடியில் அடைத்துவைக்கப்பட்டு, ஆன்லைன் மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்ட 13 தமிழர்கள் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னைக்கு வந்தார்கள். மறுத்தவர்களுக்கு அடி, மின்சார ஷாக். அந்தக் கணினியின் முகவரி மியான்மர். முதலாளி வேறு நாட்டவர். விசையைத் தட்டிய விரல் தமிழ்நாட்டு விரல். ‘தாக்குதல் எங்கிருந்து வந்தது?’ என்ற கேள்விக்கு இங்கே என்ன பதில் எழுதுவது? முகவரியை மட்டும் பார்த்து வழக்கு எழுதினால், அடிபட்ட பிள்ளையே குற்றவாளி ஆகிவிடுவான்.

பதிவேடு இல்லாத ஆபீஸ்

நான் படித்த வழக்குகளில் எல்லாம் திரும்பத் திரும்பத் தெரிகிற ஒன்று உண்டு. தடம் பெரும்பாலும் வெளிநாட்டில் தொலைவதில்லை. நம் ஆபீஸிலேயே, முதல் நாளிலேயே தொலைகிறது.

தாக்குதல் தெரிந்ததும் என்ன செய்கிறார்கள்? ‘சிஸ்டம் ஹேங் ஆகிவிட்டது’ என்று மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள். அவர் ஃபார்மட் அடித்து, புதிதாக விண்டோஸ் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறார். மாலைக்குள் வேலை நடக்கிறது. ஆனால், எந்த மெயில் வழியாக வந்தது, எந்த நேரத்தில் நுழைந்தது, எங்கே பேசியது என்ற அத்தனை சாட்சியமும் அந்த ஃபார்மட்டில் போய்விட்டது. பிறகு உலகத்தின் எந்த நிபுணர் வந்தாலும் பயனில்லை.

சர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவு இதற்காகத்தான் வந்தது. தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். கணினிப் பதிவுகளை 180 நாள் நாட்டுக்குள் வைத்திருக்க வேண்டும். எல்லாக் கணினிகளின் கடிகாரத்தையும் தேசிய நேரத்தோடு பொருத்திவைக்க வேண்டும். நல்ல உத்தரவு. பெரிய வங்கிகளில் இதற்குத் தனித் துறையே இருக்கிறது. சின்ன அமைப்புகளில் யார் பார்க்கிறார்கள்?

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் பூட்டப்பட்டன. நாட்டின் முதல் மருத்துவமனையிலேயே நாள்கணக்கில் பேனாவும் காகிதமுமாக ஓ.பி. சீட்டு எழுதினார்கள். நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்துவைக்காததால் அடையாளம் தெரியாதவர்கள் நுழைந்தார்கள் என்று நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. எய்ம்ஸுக்கே இந்தக் கதி என்றால், அண்ணாமலை நகர் அரசு மருத்துவமனைக்கு குமராட்சியிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் வருகிற நோயாளியின் விவரம் எந்தக் கணினியில், யார் பாதுகாப்பில் இருக்கிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

கூட்டுறவுச் சங்கங்கள் இன்னும் முக்கியம். நாடு முழுவதும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2022 ஜூனில் 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. குமராட்சிப் பக்கத்து விவசாயியின் பயிர்க்கடன், நகைக்கடன், உரக் கணக்கு எல்லாம் நோட்டிலிருந்து திரைக்கு வருகின்றன. வர வேண்டியதுதான், நோட்டில் நடந்த தில்லுமுல்லுகளை விவசாயிகள் மறக்கவில்லை. ஆனால், நாளை ஒரு நகைக்கடன் கணக்கில் எண் மாறினால், வெளியாள் மாற்றினாரா, உள்ளாள் மாற்றினாரா என்று காட்டப் பதிவு வேண்டும். ஒரே பாஸ்வேர்டை மூன்று ஊழியர்கள் பகிர்ந்துகொள்ளும் ஆபீஸில் அந்தக் கேள்விக்கு எந்த நிபுணராலும் பதில் சொல்ல முடியாது. பழி, கடைசியில் சேர்ந்த தற்காலிக ஊழியர் மேல் விழும்.

காஸ்மோஸும் ஒரு கூட்டுறவு வங்கிதான் என்பதை நினைவில் வையுங்கள்.

[பெட்டிச் செய்தி] உங்களுக்கு நடந்தால்...

● பணம் போயிருந்தால் உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் செய்யலாம்.

● கணினியை ஃபார்மட் செய்யாதீர்கள். இணைய இணைப்பை மட்டும் துண்டியுங்கள். திரையில் தெரிவதைப் போட்டோ எடுங்கள். நேரத்தை நிமிடத்தோடு எழுதிவையுங்கள்.

● சந்தேக மெயிலையும் எஸ்.எம்.எஸ்.ஸையும் அழிக்காதீர்கள். அதுதான் முதல் தடயம்.

● வைஃபை ரூட்டர், சி.சி.டி.வி. பெட்டி இரண்டிலும் வாங்கும்போது இருந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

● ‘கமிஷன் தருகிறோம், உங்கள் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடுங்கள்’ என்று யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். கல்லூரி மாணவர்களைக் குறிவைத்து இது நடக்கிறது. தடம் தேடி வரும் போலீஸுக்கு முதலில் கிடைப்பது அந்தக் கணக்குக்குரியவரின் வீட்டு முகவரி.

அரசுக்குச் சொல்ல வேண்டியது மூன்று. தாக்குதல் நடந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். ஆதாரம் கையில் வரும்வரை எந்த நாட்டையும் எந்த ஊழியரையும் குற்றவாளியாக்காதீர்கள். மாவட்ட சைபர் கிரைம் பிரிவுகளுக்கு ஆளும் கருவியும் பயிற்சியும் கொடுங்கள்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் அடுத்த பேரவைக் கூட்டத்துக்குப் போங்கள். ஆண்டறிக்கையை வாசித்து முடித்ததும் எழுந்து நின்று மூன்று கேள்வி கேளுங்கள்: நம் கணினியின் பதிவுகள் 180 நாளைக்கு இருக்கின்றனவா? ஒவ்வோர் ஊழியருக்கும் தனி பாஸ்வேர்டு இருக்கிறதா? ஏதாவது நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லப்போகிறவர் யார்? கிடைக்கும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.